பென்சிலில் குறித்தவை

கிளினிக்கின் சாவி என்னிடம் இருந்ததே இல்லை.
அந்தத் திங்கட்கிழமை எல்லோரையும் போல நானும்
இறக்கிய ஷட்டருக்கு வெளியேதான் நின்றேன்,
பையில் வெள்ளைக் கோட்டும் சாப்பாட்டு டப்பாவும்.
கிஹோனில் மழை, கடல் பக்கமிருந்து சாய்வாக.
ஒட்டியிருந்த தாளில் ஒரே வரி:
தொழில்நுட்பக் காரணங்களால்.

எதெல்வினா மீன் சந்தையிலிருந்து நேராக வந்தாள்,
ரப்பர் பூட்ஸில் செதில்கள்.
மேல்தாடையில் ஆறு திருகாணி,
அவற்றின் மீது ஒன்றுமில்லை.
வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்:
"பல் எப்போ வரும்?"

சந்தையில் அவளை
நாக்கின் மேல் பல்லைப் போட்டு யாரும் பேசியதில்லை.
நெத்திலி விலையை அவள் கூவினால்
அடுத்த தெருவில் ஜன்னல் திறக்கும்.
இப்போது விலையைச்
சாக்கட்டியால் எழுதி வைக்கிறாள்.

நான்தான் அவளிடம் கையெழுத்து வாங்கினேன்.
நாற்பத்தெட்டுத் தவணை, மாதம் நூற்று முப்பத்தேழு யூரோ.
படித்துப் பார்க்கக் கண்ணாடியைத் தேடினாள்.
பின்னால் வரிசை நீளம்.
பேனாவின் மூடியை நானே கழற்றிக் கொடுத்தேன்.
அதைச் சொல்லாமல் இதை எழுத முடியாது.

பணம் முழுக்க முதல் நாளே
வங்கியிலிருந்து கிளினிக்குக்குப் போய்விட்டது.
பல் மட்டும் தவணை முறையில்.
கம்பெனி செத்தது, கடன் சாகவில்லை.
ஒவ்வொரு ஐந்தாம் தேதியும்
அவள் கணக்கில் ஒரு கடி.

"நாங்கள் பல் கட்டுவதில்லையே, அம்மா,
அது வேறு ஒப்பந்தம்" என்றது வங்கியின் தொலைபேசி.
"பல்லைக் கடித்துக்கொண்டு கட்டிவிடுங்கள்"
என்று தொடங்கிய மருமகன்
நாக்கைக் கடித்துக்கொண்டான்.

நகராட்சி நுகர்வோர் அலுவலகம், இரண்டாம் மாடி,
லிஃப்ட் பழுது.
ஒப்தூலியா என்ற அதிகாரி ஜலதோஷத்தோடு சொன்னாள்:
"பல்லுக்கென்றே தந்த கடன்.
இரண்டு தாளும் ஒட்டிப் பிறந்தவை.
முதலில் கிளினிக்கை எழுத்தில் கேளுங்கள்,
பதில் வராததும் ஒரு பதில்தான்.
பிறகு வங்கியைப் பிடியுங்கள்.
கடிதம் போகாமல் தவணையை மட்டும் நிறுத்தாதீர்கள்."
மூக்கைத் துடைத்தாள்.
"எது நடந்தது, எது நடக்கவில்லை,
அதற்கு ஆதாரம் இருக்கிறதா?"

கணினிகள் எல்லாம் ஷட்டருக்குப் பின்னால்.

அவை வாரத்துக்கு இரண்டு நாள் உறைந்துபோகும்.
அதனால் நான் ஒரு நோட்டு வைத்திருந்தேன்,
சதுரக் கட்டம் போட்டது.
வந்தால் ஒரு கோடு, திருப்பி அனுப்பினால் பெருக்கல் குறி.
மார்ச் 9, டாக்டர் வரவில்லை.
மார்ச் 23, வேறு டாக்டர்.
ஏப்ரல் 6, பசை தீர்ந்தது.
வெள்ளிக்கிழமை பிரதியெடுக்க வீட்டுக்குக் கொண்டுபோனது
டப்பாவுக்கு அடியிலேயே கிடந்தது.

திருட்டா என்று ஓர் இரவு முழுக்க யோசித்தேன்.
எனக்கும் மூன்று மாதச் சம்பளம் பாக்கி.
காலையில் ரொட்டி உறையைப் பட்டையாக வெட்டி,
மற்றவர் பெயர்களை மறைத்து,
அவரவர் வரிகளை மட்டும் நகலெடுத்தேன்.
முப்பத்தொரு பேர். பக்கத்துக்குப் பத்து சென்ட்.

நவம்பரில் எதெல்வினாவுக்கு வங்கி எழுதியது,
மன்னிப்பு என்ற சொல் படாமல் இரண்டு பக்கம்:
இனித் தவணை பிடிக்கப்படாது,
பிடித்தது பரிசீலனையில்.

பெலார்மினோவுக்குக் கடிதமே இல்லை.
திருவிழாக்களில் தோல்பை ஊதுகுழல் வாசிப்பவர்,
கடன் என்றாலே கூசுபவர்,
நாலாயிரத்து இருநூறு யூரோவை
உறையில் ரொக்கமாக வைத்தார்.
எண்ணி வாங்கியதும் நான்தான்.
அவருக்குப் பிடித்து உலுக்க வங்கியில்லை.
திவால் பட்டியலில் நானூற்றுப் பன்னிரண்டாவது பெயர்.
குழலின் முனையில் துணி சுற்றி
ஈறால் கவ்விப் பார்க்கிறார்,
காற்று ஓரமாகக் கழன்றுவிடுகிறது.

நேற்று நெத்திலி வாங்கப் போனேன்.
சாக்கட்டிப் பலகையைக் காணோம்.
ஆறு திருகாணிக்கு நடுவே
எழுத்துகள் சீட்டியடிக்க, கூவிக்கொண்டிருந்தாள்.
என்னைப் பார்த்ததும் நிறுத்தினாள்.
"மூடியைக் கழற்றித் தந்தவள்தானே நீ?"
ஆம் என்றேன்.
அரைக் கிலோ நிறுத்து,
தராசு அசைவது நிற்கும்வரை காத்திருந்து,
கடைசி சென்ட் வரை வாங்கிக்கொண்டாள்.